கழற்றாத ஷூ

எங்கள் குடியிருப்பில் அவரைச் செக்கர் என்றால்தான் தெரியும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பல வருடங்கள் ஆகியும் அந்தப் பார்வையை மட்டும் அவர் கழற்றவில்லை. பால்காரர் வந்தால் பாலைப் பார்க்க மாட்டார். பால்காரரின் முகத்தைப் பார்ப்பார். மாடிப்படியில் எதிரே வருகிறவரிடம் "எங்க இந்தப் பக்கம்?" என்று அவர் கேட்கும் தொனியில், தன் வீட்டுக்கே போகிறவரும் ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கெட்டவர் இல்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க யாரிடமும் கை நீட்டாதவர். தூங்குகிறவனையும் தூங்குவதுபோல நடிக்கிறவனையும் இமையைப் பார்த்தே பிரித்துவிடுவேன் என்பார். "தூங்குறவனுக்கு இமை கனத்துக் கிடக்கும். நடிக்கிறவனுக்கு லேசா துடிக்கும்" என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதில் அவர் தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். சிரித்த முகம், குறைந்த பேச்சு. "கடைக்குப் போனேன்" என்று அக்கா சொன்னால், எந்தக் கடை, ஏன் அந்தக் கடை, வழியில் யார் நின்றார்கள் என்று கேள்வி வரும். அதனால் போனதையே சொல்லமாட்டார். அவர் சொல்லாததால் இவருக்குச் சந்தேகம் கூடும். சந்தேகம் கூடியதால் அக்கா இன்னும் குறைத்துக்கொள்வார். குடும்பம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே மகள். அவளுக்கு வந்த வரன்களைச் செக்கர் விசாரித்தே விரட்டினார். ஒருவன் அதிகம் பேசுகிறான், இன்னொருவன் பேசவே மாட்டேன் என்கிறான், ஏன்? மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் கணக்கர் வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கேயே கூட வேலை பார்த்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஃபோனில் தகவல் சொன்னாள். செக்கர் வெகுநாள் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தபோதும் "அங்க மழையா?" என்பதோடு சரி. மகளை நேரில் பார்க்க வேண்டும் என்று அக்கா ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் செக்கர் சம்மதித்தார்.

"போவோம். அந்த ஆள் யாருன்னு நேர்ல பாத்துட்டு வந்துடுவோம்" என்றார்.

காரணம் எதுவானால் என்ன, அக்காவுக்குப் போதும்.

மகள் இருவருக்கும் ஷூ வாங்கி அனுப்பியிருந்தாள். இங்கே குளிர், செருப்போடு வந்து இறங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். அக்கா ஆயுளில் ஷூ போட்டதில்லை. பழகட்டும் என்று வீட்டு ஹாலுக்குள் அதைப் போட்டுக்கொண்டு அலமாரிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். கொஞ்ச நாளில் நடப்பதை நிறுத்திவிட்டு, எந்நேரமும் சாக்ஸ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். "வீட்டுக்குள்ள எதுக்கு சாக்ஸ்?" என்று செக்கர் கேட்டதற்கு, "கால் சில்லுனு இருக்கு" என்றார்.

செக்கரின் மனம் அப்போது வேறு திசையில் இருந்தது. அக்காவின் தங்கை, அதாவது செக்கரின் கொழுந்தியாள், அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளுடைய மகளும் அதே வெளிநாட்டு ஊரில்தான் இருக்கிறாள். தன் மகளுக்கு ஒரு தங்கச் சங்கிலியைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கொழுந்தியாள் கேட்டிருந்தாள். செக்கர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அடுத்தவர் நகையைச் சுமந்துகொண்டு சுங்க அதிகாரி முன்னால் நிற்க அவர் தயாரில்லை. கொழுந்தியாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

போனவள் மறுபடி வந்தாள். அதுதான் செக்கரை உறுத்தியது. கிளம்பும் நாள் நெருங்க நெருங்கத் தினமும் வந்தாள். அக்காவும் அவளும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசினார்கள். ஒருநாள் செக்கர் கதவைத் தட்டியபோது, கொழுந்தியாள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"பையில என்ன?"

"பழைய துணி அத்தான்."

"பழைய துணியை எதுக்கு இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்க?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விமான நிலையத்தில் இன்னொன்று நடந்தது. பாதுகாப்புச் சோதனையில் ஷூவைக் கழற்றச் சொன்னபோது அக்கா அங்கிருந்த பெண் காவலரின் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் அக்காவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். செக்கர் தன் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெளியே வந்தபோது அந்தப் பெண் அக்காவின் தோளைத் தட்டி ஏதோ சொல்லி அனுப்பினாள்.

"என்ன விஷயம்?"

"வளையல் சத்தம் போட்டுச்சாம்."

வளையலைப் பார்த்தார். அதே வளையல், அதே கை. மிஷின் எந்தச் சத்தமும் போடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

விமானத்தில் மூன்று சீட் கொண்ட வரிசை. ஜன்னலோரம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அக்கா நடுவில், செக்கர் நடைபாதைப் பக்கம். வண்டி மேலே ஏறி நிதானப்பட்டதும் ஜன்னலோரத்து ஆள் குனிந்து ஷூவைக் கழற்றி முன் சீட்டுக்கு அடியில் தள்ளினார். கறுப்பு சாக்ஸ். ஒரு பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. செக்கர் அந்த விரலையே பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆள் சாக்ஸோடு எழுந்து கழிவறைக்குப் போய்த் திரும்பினார். சாக்ஸின் முனை ஈரமாக இருந்ததைச் செக்கர் கவனித்துவிட்டார். அந்தக் காலோடு தன் முழங்காலைத் தாண்டி அவர் உள்ளே போனபோது, செக்கர் தன் பேன்ட்டில் படாமல் காலை ஒதுக்கிக்கொண்டு, பொத்தானை அழுத்திப் பணிப்பெண்ணை அழைத்தார். நாற்பது வயதைத் தாண்டிய, நிதானமான பெண்.

"ஒரு விவரம் கேக்கணும். இப்படி ஷூவைக் கழட்டிட்டு உக்காரலாமா? ரூல் இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கழட்டக் கூடாதுன்னு ரூல் இல்ல சார். ரொம்ப நேரம் உக்காந்தா கால் வீங்கும், அதனால கழட்டுவாங்க. சாக்ஸ் மட்டும் காலோட இருந்தா போதும்."

"அதோட டாய்லெட்டுக்குப் போயிட்டு வராங்களே?"

"அது கூடாதுதான். எழுந்து நடந்தா ஷூ போட்டுக்கச் சொல்லுவோம். அந்தத் தரையில இருக்குற ஈரம் எல்லாம் தண்ணின்னு நாங்க நெனைக்கிறதில்ல சார்."

செக்கருக்குத் தன் சந்தேகம் அரசாங்க முத்திரை பெற்றது போல இருந்தது. அந்தப் பெண் போகத் திரும்பியவள், அக்காவின் காலைப் பார்த்து நின்றாள்.

"அம்மா, நீங்க லேஸைக் கொஞ்சம் தளர்த்திக்கலாமே. ரொம்ப இறுகியிருக்கு."

"வேணாம்மா. குளிருது" என்று அக்கா கம்பளியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

குளிருது என்றவரின் நெற்றியில் வியர்வை இருந்தது. செக்கர் அதைப் பார்த்தார். கொழுந்தியாளின் தினசரி வருகை, பிளாஸ்டிக் பை, திரை மறைவு, வளையல், இப்போது கழற்றாத ஷூ. எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டன. பாதுகாப்புச் சோதனையில் தங்கம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்; இறங்குகிற இடத்தில்தான் கேட்பார்கள். அங்கே தன் மனைவியை ஒரு அதிகாரி ஓரமாக நிற்கச் சொல்வதும், மருமகன் என்கிற அந்த ஆள் கண்ணாடிக்கு வெளியே நின்று அதை வேடிக்கை பார்ப்பதும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அக்காவின் காதருகே குனிந்தார். "உன் தங்கச்சி குடுத்ததை ஷூக்குள்ள வச்சிருக்கியா?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். "தங்கத்தை வச்சா நடக்க முடியுங்களா?" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இமை துடித்தது.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போன பிறகுதான் அந்த நாற்றம் வந்தது. முதலில் வந்ததா இல்லையா என்று சந்தேகம். மூக்கை உறிஞ்சினால் இல்லை. மறந்து இருந்தால் வந்தது. வெறும் வியர்வை நாற்றம் இல்லை, கொஞ்சம் இனிப்பு கலந்தது. அலமாரிக்குப் பின்னால் எலி செத்தால் வீட்டுக்குள் வருமே, அந்த மாதிரி. நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டாள். முன்சீட்டுக்காரர் தலையை உயர்த்திப் பின்னால் பார்த்தார். எல்லார் கண்ணும் போய் நின்ற இடம் ஒன்றுதான்: ஜன்னலோரத்துக் கறுப்பு சாக்ஸ்.

செக்கர் மறுபடி பொத்தானை அழுத்தினார். பணிப்பெண் வந்து, மூச்சை இழுத்துப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஜன்னல் பக்கம் குனிந்து மிக மெதுவாக, "சார், தப்பா நினைக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தாள். அந்த ஆள் முடிக்க விடவில்லை.

"தெரியுங்க. ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை எனக்கு. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ்ல நிக்கணும். கால் ஊறிப்போயிடும். எவ்வளவு கழுவினாலும் போறதில்ல." காது மடல் வரை சிவந்துவிட்டது அவருக்கு. "இதோ, மாத்திட்டு வந்துடுறேன்."

மேலிருந்து பையை எடுத்து, புது சாக்ஸை உருவி, ஷூவை மாட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் யாரோ சிரித்தார்கள். திரும்பி வந்தவர் பழைய சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து, காலைச் சீட்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் மடக்க முடியுமோ அவ்வளவு தூரம் மடக்கிக்கொண்டார்.

நாற்றம் போகவில்லை.

பிளாஸ்டிக் பையிலிருந்து வருகிறதோ என்று செக்கருக்குத் தோன்றியது. பணிப்பெண் வந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டு போனாள். அப்போதும் போகவில்லை. செக்கர் அக்காவுக்கு மேலாக எட்டி, ஓடும் ரயிலில் கேட்பது போலவே கேட்டார்:

"தம்பி, காலை ஒழுங்கா கழுவினீங்களா, இல்ல சாக்ஸை மட்டும் மாத்திட்டு வந்துட்டீங்களா?"

"ரெண்டு தடவை சோப்புப் போட்டேன் சார்."

"அப்புறம் எப்படி வருது?"

அந்த ஆள் தன் காலைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றினார். "பின்னாடி எங்கயாவது எடம் இருந்தா நான் போய் உக்காந்துக்கிறேன் சார். உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்."

அவர் எழுந்து அக்காவைத் தாண்டக் காலை எடுத்து வைத்தபோது, இத்தனை நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்த அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"நீங்க உக்காருங்க தம்பி. எங்கயும் போக வேணாம்."

பிறகு செக்கர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "நாத்தம் அவர் கால்ல இருந்து வரல. என் கால்ல இருந்து வருது."

செக்கருக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்கோ பரிந்துகொண்டு பேசுகிறாள் என்றே நினைத்தார். அக்கா கம்பளியை விலக்கினார். இடது ஷூவின் ஓரத்தில், துணி நனைந்து நிறம் மாறியிருந்தது.

பணிப்பெண் அக்காவைக் கைத்தாங்கலாகப் பின்பக்கம், சாப்பாட்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போய், திரையை இழுத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு லேஸை அவிழ்த்தாள். ஷூ வந்தது, சாக்ஸ் வரவில்லை. தண்ணீர் விட்டு நனைத்து உரித்தபோது உள்ளே ஒரு கட்டு, அதற்கும் உள்ளே சுண்டுவிரலும் அதை ஒட்டிய பகுதியும் கறுத்துப் போயிருந்தன. செக்கர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலிக்கலையா?"

"வலிச்சிருந்தா எப்பவோ கத்தியிருப்பேன். ஒண்ணும் தெரியலங்க. குத்தினாலும் தெரியாது. சுகர் இருக்குல்ல." அக்கா தன் காலை யாருடைய காலோ போலப் பார்த்தார். "ஷூ உரசிச் சின்னதா ஒரு கொப்புளம்தான் வந்துச்சு. மருந்து போட்டா ஆறிடும்னு நெனைச்சேன். தங்கச்சிதான் தெனம் வந்து கட்டு மாத்திவிட்டா. ஏர்போர்ட்ல அந்தப் பொண்ணுகூட, போனதும் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மான்னு சொல்லிச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எப்ப வந்துச்சு, எதனால வந்துச்சு, முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. கேட்டு முடிச்சதும் பயணத்தை ரத்து பண்ணுவீங்க. மறுபடி உங்களைக் கிளப்ப எனக்குத் தெம்பு இல்ல. எனக்கு அவளைப் பாக்கணும்."

செக்கர் வாயைத் திறந்தார். அவருக்குள் வரிசையாக வந்து நின்றவை எல்லாம் கேள்விகளாகவே இருந்தன. எதையும் கேட்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அதை ஒரு சாதனை போலச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன் என்றார்.

ஒலிபெருக்கியில் டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். வந்தவர் கண் டாக்டர். "நான் கண்ணுக்குத்தான் பாப்பேன். ஆனா இதுக்குப் பெரிய டாக்டர் வேணாம், பாத்தாலே தெரியுது" என்றார். சுத்தமான துணியால் தளரக் கட்டச் சொன்னார். ஷூவைத் திரும்பப் போடக்கூடாது, காலைத் தூக்கி வைக்க வேண்டும், இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரி என்றார். பணிப்பெண் கட்டிவிட்டு, சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தாள்.

காலைத் தூக்கி வைக்க இடம்? ஜன்னலோரத்து ஆள் யாரும் கேட்காமலே எழுந்து தன் சீட்டில் கம்பளியை மடித்துப் போட்டார். பின்வரிசையில் ஒரு காலி இடத்தைப் பணிப்பெண் காட்டியிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தவரைச் செக்கர் மறித்தார்.

"தம்பி, நான் உங்களை..."

"பரவாயில்ல சார். வேற நாளா இருந்தா அது என் காலாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் பின்னால் போனார். ஷூவைப் போட்டுக்கொண்டேதான் போனார். அந்தப் பயணம் முழுக்க அவர் அதைக் கழற்றவில்லை என்று பணிப்பெண் பிறகு சொன்னாளாம்.

மீதி நேரம் அக்கா கால் நீட்டித் தூங்கினார். கனத்த, உண்மையான தூக்கம். செக்கர் தூங்கவில்லை. கம்பளிக்கு வெளியே தெரிந்த கட்டுத் துணியில் ஈரம் படர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இறங்கியதும் மகளும் மருமகனும் நின்றார்கள். மருமகனிடம் கேட்கச் செக்கர் பல மாதமாகக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்தார். மருமகன் சக்கர நாற்காலியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வணக்கம் சொல்லக்கூட நிற்காமல் வண்டியைக் கொண்டுவர ஓடினார். நேராக ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நர்ஸ் செக்கரிடம் கேட்டாள். புண் எப்போது வந்தது? சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தது, எவ்வளவு இருந்தது? என்ன மாத்திரை, நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? மகள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, செக்கர் ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"தெரியாதாப்பா?" என்றாள் மகள். "ஒண்ணுகூடவா தெரியாது?"

அக்காதான் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றது தப்பியது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து மகள் வீட்டுக்கு வந்தார். கட்டு மாற்ற நர்ஸ் வீட்டுக்கே வருவாள். செக்கர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையுறை புதுசா, கத்தரிக்கோலைக் கழுவியாயிற்றா என்று மகள் மூலம் கேட்பார். நர்ஸ் கோபிக்கவில்லை, எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நல்லது என்றாளாம். அவள் வராத நாட்களில் அவரே கை கழுவி, இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து, டார்ச் அடித்து விரல் இடுக்கு விடாமல் பார்ப்பார். அக்கா முதலில் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். பிறகு தானே நீட்டினார். "இங்க சிவப்பா இருக்கே, ஏன்?" என்று அவர் கேட்க, "கட்டில் காலுல இடிச்சுக்கிட்டேன், நேத்து" என்று அக்கா சொல்ல, அவர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

மருமகனைப் பற்றிச் செக்கர் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. "சமைக்கிறான். ராத்திரி பாத்திரமும் அவனே கழுவி வைக்கிறான். எதுக்குன்னு தெரியல" என்று என்னிடம் ஃபோனில் சொன்னார்.

திரும்பும் நாள் நெருங்கியபோது மகள், "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கப்பா" என்றாள். செக்கர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவ எதுக்கு இருக்கச் சொல்றா? ஏதாவது விஷயம் இருக்கா?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். "இருக்கச் சொல்றா. அவ்வளவுதான் விஷயம்."

செக்கர் சாத்திய கதவைத் திறந்து, பயணத் தேதியை மாற்றச் சொல்லி மருமகனைக் கூப்பிட்டார்.